வரைதாளில் குங்குமம்

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது என்னிடம் இருந்தவை: ஒரு வரைபலகை, டி வடிவத்தில் ஒரு மரக்கோல், கருவிப் பெட்டி, சோற்றுப் பாத்திரம், குடை. கைகள் இரண்டுதான். பலகையை இடுப்போடு அணைத்துக்கொண்டால் அதன் மேல் விளிம்பு தோளுக்கு வரும். எதிர்க்காற்று அடித்தால் அது என்னைப் பின்னுக்குத் தள்ளும். பின்னாலிருந்து அடித்தால் ஓட வைக்கும். காஜா பேராங்கில் எங்கள் வரிசை வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்குக் கம்போங் செட்டிச் சந்து வழியாகத்தான் போக வேண்டும். சந்து குறுகலானது. எதிரே சைக்கிள் வந்தால் பலகையைச் சுவரோடு சாய்த்துவிட்டு அதன் பின்னால் ஒளிந்துகொண்டவள் போல நிற்பேன். "யார் வீட்டுக் கதவம்மா அது?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

மெர்டேக்கா என்று நாங்கள் சொல்லும் சுதந்திரம் கிடைத்த மறுவருடம் அது. பல்கலைக்கழகம் என்றால் சிங்கப்பூர், இல்லையென்றால் கோலாலம்பூர். பொறியியல் பக்கம் போக விரும்பியவர்களுக்கு முதலாண்டை மட்டும் எங்கள் ஊரிலேயே நடத்தினார்கள். புக்கிட் பாரு போகும் வழியில் ஒரு குன்றின் மேல், பட்டாளத்தார் விட்டுப்போன கொட்டகைகளில் வகுப்புகள். தேறியவர்கள் இரண்டாம் ஆண்டுக்குக் கோலாலம்பூர் போகலாம். தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம். வரைபடப் பாடத்தில் தவறியவர்கள் மற்ற பாடங்களில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் வீட்டுக்குத்தான்.

அப்பா பொதுப்பணி இலாகாவில் சாலை போடும் ரோலர் ஓட்டினார். எனக்கு இடம் கிடைத்த செய்தியை அவர் ஊருக்குச் சொன்ன விதம் இது: "ரோட்டு மேல உருட்டுறவன் நானு. அந்த ரோட்டுக்குக் கோடு போட்டுக் குடுக்கப் போறது எம்மவ."

வெளியூர்ப் பையன்களுக்குக் குன்றின் மேலேயே விடுதி இருந்தது. வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். மற்றவள் தன் அப்பாவின் காரில் வந்து இறங்குவாள். ஆகவே பலகையோடு பஸ்ஸில் வந்தவள் நான் ஒருத்திதான்.

பலகையைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டு வந்தால் என்ன என்று கேட்கலாம். வரைபட வகுப்பு வாரத்தில் இரண்டு மதியம்தான். அந்த நேரத்துக்குள் எந்தப் படமும் முடியாது. விடுதிப் பையன்கள் சாயந்தரம் வரைகூடத்துக்குத் திரும்பி வந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு நிதானமாக முடிப்பார்கள். நானும் இருந்து முடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் வரட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். "வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்ல இருக்கணும். காடி ஓட்டுறவனெல்லாம் எனக்குத் தெரிஞ்சவன்தான். ஊரு வாயி எனக்குத் தெரிஞ்சவங்களோடது இல்ல" என்றார். அதன்பிறகு நான் கேட்கவில்லை. படத்தை வீட்டில் வரைந்து, தாளைப் பலகையில் ஊசி குத்தியபடியே கொண்டுபோய்க் கொடுத்தேன். சுருட்டிக் கொண்டுபோனால் மை வெடித்துவிடும்.

பஸ் பிரச்சினை இங்கிருந்து தொடங்குகிறது.

அந்தக் காலை பஸ்ஸில் தினமும் வந்தவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். கண்டக்டர் இராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம். எல்லாரும் அவரை நானா என்போம். எங்கள் வரிசையிலேயே மூன்றாவது வீட்டில் இருந்த அக்கா ஒருவர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தார். வெள்ளைப் புடவை, பெரிய குங்குமப் பொட்டு, இரண்டையும் விடப் பெரிய குரல். அவருக்குப் பக்கத்தில் செட்டி வீட்டு அம்மா ஒருவர், கெபாயாச் சட்டையும் சாரோங்குமாக, ஆஸ்பத்திரி வாசலில் விற்பதற்கான பலகாரத் தட்டோடு உட்கார்ந்திருப்பார். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய் பேசத் தொடங்கிவிட்ட இந்து வம்சம், அவருக்குத் தமிழ் வராது. எனக்குத் தெரிந்த மலாய், அவர் பேசிய மலாயோடு முக்கால்வாசிதான் ஒத்துப்போகும். நான் அவரை அத்தை முறைக்கு மாக்சிக் என்று கூப்பிடுவேன். ஆஸ்பத்திரி அக்காவும் அவரும் ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டே வருவார்கள். ஒரு நாளும் பேச்சு நின்றதில்லை.

"பலகைக்கு டிக்கெட் வாங்கினியாம்மா?" என்பார் நானா.

"அது ஆளில்லையே, நானா."

"உன்னவிட அகலமா இருக்கே. எறங்கும்போது மொதல்ல அது எறங்கட்டும். அப்புறம் நீ எறங்கு."

பலகையை நிறுத்தி வைத்தால் ஜன்னல் அடைபடும். அதனால் அதைப் படுக்கவைத்து, எங்கள் மூவர் மடியிலும் சேர்த்துப் பிடித்துக்கொள்வோம். படுக்கவைத்த பலகை ஒரு மேசை. மேசை என்று ஒன்று வந்துவிட்டால் அதன் மேல் சாமான்கள் வந்து உட்காரும். மாக்சிக் தன் தட்டை அதன்மேல் வைப்பார். ஆஸ்பத்திரி அக்கா வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரிப்பார். யாரோ பிள்ளையை உட்கார வைப்பார்கள். தாளின்மேல் பழைய செய்தித்தாள் போட்டு மூடியிருப்பேன். ஆனால் எண்ணெய்க்குச் செய்தித்தாள் ஒரு தடையே இல்லை. "கீழே படம் இருக்கு, வைக்காதீங்க" என்ற நான்கு சொற்களைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். எல்லாரும் என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தவர்கள்.

முதல் தாளில் தேங்காயெண்ணெய் வட்டம். அடுத்ததில் வெற்றிலைச் சாறு. அதற்கடுத்ததில் சர்க்கரைப் பாகு தோய்ந்த ஒரு பிள்ளையின் விரல்கள், ஐந்தும் தனித்தனியாக.

வரைபட ஆசிரியர் பினாங்குச் சீனர். சத்தம் போட மாட்டார். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கோடுகளுக்கு மதிப்பெண் போடுவார். பிறகு சுத்தத்துக்கான மதிப்பெண்ணை அடித்துவிட்டு, மூலையில் சிவப்புப் பென்சிலால் 'அழுக்கு' என்று ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் எழுதுவார். எழுதிய தாள்களைக் கூடத்தின் சுவரில் குத்தி வைப்பது அங்கே வழக்கம். மற்றவர்களின் தாள்களுக்கு நடுவில் என்னுடையதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். விடுதியில் இருந்த தமிழ்ப் பையன் ஒருவன் கிட்டப் போய் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கி என்னா, பொரியலா, பெரட்டலா?" என்று கேட்டான். அதை அவன் மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டியபோதுதான் அதிகம் சிரித்தார்கள். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். பென்சில் முழுவதும் தீர்ந்துவிடும்போல இருந்தது.

திரும்பி வந்த தாளை ஒரு நாள் அம்மா எடுத்துப் பார்த்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. "செவப்புல என்னம்மா எழுதியிருக்காரு?" என்று கேட்டார்.

"அழுக்குன்னு எழுதியிருக்கார்."

பஸ்ஸில் வந்த அழுக்கு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அலுப்பில் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அன்றிலிருந்து நான் படம் வரையும் மூலைக்கு அம்மா வரும்போதெல்லாம், முதலில் குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். வந்து காப்பியை எட்ட வைத்துவிட்டுப் போவார். அந்தச் சத்தத்துக்கு என்ன பொருள் என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

நான் சில ஏற்பாடுகள் செய்து பார்த்தேன். மேசைவிரிப்புக்குப் போடும் மெழுகுத்துணி வாங்கிப் பலகைக்கு உறை தைத்தேன். அதற்கு முந்தைய பஸ்ஸைப் பிடித்தேன். அதில் மீன்காரர்கள் வந்தார்கள். கடைசி இருக்கைக்குப் பின்னால் நின்றுகொண்டே வந்தேன். திருப்பத்தில் பலகையோடு சாய்ந்து ஒருவருடைய கோழிக்கூண்டில் விழுந்தேன். உறை மட்டும் ஓரளவு பயன்பட்டது. ஆனாலும் ஆண்டு முடிவதற்குள் என் கணக்கில் சுத்தத்துக்கான மதிப்பெண் இவ்வளவு குறைந்திருந்தது: கடைசித் தாள் குறையில்லாமல் போனால்தான் தேறுவேன். ஆசிரியரே கூப்பிட்டுச் சொன்னார். "கோடு உனக்கு நன்றாக வருகிறது. தாளைச் சுத்தமாகக் கொண்டுவா. அவ்வளவுதான்."

கடைசிப் படம், இரண்டு தண்ணீர்க் குழாய்கள் சேரும் இடத்தில் வைக்கும் வட்டத் தகடு. நடுவில் பெரிய துளை. சுற்றிலும் ஆணி முடுக்க ஆறு சிறிய துளைகள். எல்லாவற்றையும் மையில் போட வேண்டும். ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மெல்லிய கோடுகள் வெட்டிக்கொள்ளும். மையம் இங்கே என்று பட்டறைக்காரருக்குக் காட்டுவதற்கான குறி அது. ஒரு வாரம் கஷ்டப்பட்டேன். ஒரு சொட்டு மை தப்பவில்லை. முடித்த அன்று கல்லூரிக்குக் கிளம்புமுன் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு எட்ட நின்று பார்த்தேன். எனக்கே நம்பிக்கையாக இருந்தது.

மறுநாள் கொடுக்க வேண்டும். அன்று சாயந்தரம் சரஸ்வதி பூசை.

கல்லூரியிலிருந்து வரும்போதே வீட்டில் சாம்பிராணிப் புகை. அப்பாவின் திருப்புளி, சுத்தியல், எண்ணெய்க் குப்பி, தம்பியின் பள்ளிக்கூடப் புத்தகங்கள், அம்மாவின் அரிவாள்மனை எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக இருந்தன. நடுவில் என் வரைபலகை, படத்தோடு.

"அம்மா, நாளைக்குக் காலையில அதைக் குடுக்கணும்."

"தெரியுமே. அதனாலதான் நடுவுல வச்சிருக்கேன்."

"படம் வேண்டாம்மா. பெட்டிய மட்டும் வைங்க."

"ஒரு வருசமாப் படுற பாடு அந்தப் படத்துக்காகத்தானே? பெட்டியா கோலாலம்பூர் போகப் போவுது?" என்றார் அம்மா. அப்பா சிரித்தார். பூசையில் வைத்ததை மறுநாள் காலையில் திரும்பப் பூசை செய்துதான் எடுக்க வேண்டும். அதுவரை படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, தொடக் கூடாது. அம்மா எல்லாவற்றின் மேலும் சுத்தமான வேட்டியொன்றை விரித்து மூடினார். நான் தூங்கப் போனேன்.

காலையில் எனக்கு நேரமாகிவிட்டது. அப்பா இலாகாக் கொட்டகையில் ரோலருக்குப் பூசை போட்டு முடித்துவிட்டு, கையில் பொரிகடலையோடு வந்த பிறகுதான் தேங்காய் உடைத்தார். தாளில் என் ஈரக் கைபட்டுக் கறையாகிவிடக் கூடாது என்று அம்மாவே பலகையை உறையில் போட்டுக் கட்டித் தயாராக வைத்திருந்தார். "நல்லாக் கையக் கழுவிட்டுத்தான் எடுத்தேன்" என்றார். விழுந்து கும்பிட்டுவிட்டு ஓடினேன்.

அன்று பஸ்ஸே கல்யாண வீடு மாதிரி இருந்தது. முன்பக்கம் இரண்டு வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். கண்ணாடியில் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம். நானா டிக்கெட்டோடு சேர்த்துச் சுண்டலும் கொடுத்தார். "டிரைவர் அண்ணன் ஏற்பாடு. நான் சும்மா சப்ளை" என்றார்.

ஆஸ்பத்திரி அக்கா என்னைப் பார்த்ததும், "இன்னிக்கித்தானே கடைசிப் படம்? நல்ல நாளும் அதுவுமா, கொஞ்சம் காட்டும்மா. ஒரு வருசமா மடியில வச்சுச் சுமந்திருக்கோம், எங்களுக்குப் பார்க்கக் குடுத்து வைக்கலியா?" என்றார்.

அன்று யாரும் பலகைமேல் எதையும் வைக்கவில்லை. மாக்சிக்கூடத் தட்டைத் தன் மடியிலேயே வைத்திருந்தார். எனக்கும் காட்ட ஆசையாக இருந்தது. முடிச்சை அவிழ்த்து உறையைக் கீழே தள்ளினேன்.

ஏழு வட்டத்திலும் குங்குமம் இருந்தது.

கோடு இரண்டு வெட்டிக்கொள்ளும் இடத்தில், முதலில் சந்தனம், அதன்மேல் குங்குமம். இரவு நான் தூங்கிய பிறகு அம்மா மோதிர விரலால் வைத்திருக்கிறார். பொட்டு வைப்பதற்காகவே நான் குறி போட்டு வைத்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். ஈரச் சந்தனம் தாளில் இறங்கி, ஒவ்வொரு சிவப்பைச் சுற்றியும் மஞ்சளாக ஒரு வளையம் காய்ந்திருந்தது.

"அடடா! அம்மா எவ்வளவு லட்சணமா வச்சிருக்காங்க பாரேன்!" என்றார் அக்கா. மாக்சிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முன் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்த ஒருவர், "அம்மன் சக்கரமா தங்கச்சி?" என்று கேட்டார்.

எனக்கு முன்னால் வரைகூடத்துச் சுவர் தெரிந்தது. அதில் என் தாள் தெரிந்தது. பையன் ஒருவன் கிட்டப் போய் முகர்வது தெரிந்தது. ஆனால் மூளை ஒழுங்காகத்தான் வேலை செய்தது. தாளில் பட்ட கறையை எடுக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழிகள்: முதலில் பழைய ரொட்டியின் உட்பகுதியை உருட்டித் தேய்ப்பது. போகாவிட்டால் சவரத் தகட்டால் மெல்லச் சுரண்டுவது.

"நானா, உங்ககிட்ட ரொட்டி இருக்கா?"

"பசியாறலியா? அதான் பாரேன், நல்ல நாள்ல புள்ளைய வெறும் வயித்தோட அனுப்பிட்டாங்க" என்று தன் காலைப் பலகாரத்திலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துக் கொடுத்தார். நான் அதைத் தின்னாமல் உருட்டித் தாளில் தேய்ப்பதைப் பார்த்து, "அலாமாக்!" என்றார். ரொட்டி சிவந்தது. பொட்டு போகவில்லை. பெட்டியைத் திறந்து தகட்டை எடுத்தேன். ஓடும் பஸ்ஸில், முதல் சிறு வட்டத்தைச் சுரண்டி முடித்தேன். இரண்டாவதைப் பாதி முடித்திருப்பேன்.

"என்னடீ செய்யிற!" ஆஸ்பத்திரி அக்காவின் குரலில் பஸ் முழுவதும் திரும்பியது. "குங்குமத்தையா சொரண்டுற? அதுவும் பிளேடால? பூசையில வச்சத! உங்கம்மா யாரு நல்லா இருக்கணும்னு வச்சாங்க? உங்கப்பா மவராசனா இருக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தானே!"

"அக்கா, இதை இப்படியே குடுத்தா..."

"என்னா குடுத்தா? வெட்டிடுவானா?"

மாக்சிக் ஒன்றும் கத்தவில்லை. தட்டை அக்காவின் மடிக்கு மாற்றிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஜாஙான், நாக்" என்றார். வேண்டாம், பிள்ளை. தமிழ் தெரியாத அவருக்கும் நான் செய்தது என்னவென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. டிரைவர் கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டுப் பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டார். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் நானாகூட டிக்கெட் கட்டை நேராக அடுக்கிக்கொண்டிருந்தார்.

தகட்டைப் பெட்டியில் வைத்தேன். பஸ் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. மாக்சிக் இறங்கும்போது வழக்கமாக எனக்கு ஒரு பலகாரம் கொடுப்பார். அன்றும் கொடுத்தார். அக்கா என்னைப் பார்க்காமலே இறங்கிப் போனார்.

வரைகூடத்தில் தாள்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஆசிரியர் என்னுடையதை வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு இடங்களில் வெளிச்சம் தாளுக்கு இந்தப் பக்கம் வந்தது. அங்கே தாள் ஓட்டையாகியிருந்தது. சிவப்பு என்ன என்று கேட்டார். எங்கள் வீட்டில் பூசை, அம்மா வைத்தார் என்றேன். பின்னால் யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள். சரி, இந்த ஓட்டை என்ன என்று கேட்டார். நான் சுரண்டியது என்றேன்.

அவர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். எழுதாமல் கீழே வைத்தார். "கறை இருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டு ஏற்றுக்கொள்ளலாம். ஓட்டையான தாளை என்னால் ஏற்க முடியாது. வாரக் கடைசிக்குள் திரும்ப வரைந்து கொடு. வீட்டில் வேண்டாம். இங்கேயே, இந்த மேசையில் இருந்து வரை. விளக்கு அணைக்கும்வரை கூடம் திறந்திருக்கும்" என்றார்.

சாயந்தரம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மாவிடம் என்ன சொல்வது என்று வரிசைப்படுத்திக்கொண்டேன். வாழை இலை இன்னும் வாடாத அதே பஸ். முதலில் படம் திரும்பி வந்ததைச் சொல்வது. பிறகு அங்கேயே இருந்து வரைய வேண்டும் என்பதை. குங்குமம் என்ற சொல் வராமல் இரண்டையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரி அக்காவுக்கு மத்தியானத்தோடு வேலை முடியும். அவர் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது அம்மாவின் முகத்திலேயே தெரிந்தது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன்.

அம்மா கேட்டது ஒன்றுதான். "அழிஞ்சுதா?"

எனக்குப் புரியவில்லை. என்னம்மா என்றேன்.

"குங்குமம். போயிடுச்சா? நீ சொரண்டினப்ப படம் தப்பிச்சுதா, இல்லியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அம்மா வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். "நடுவுல ரெண்டு கோடு போட்டிருந்தே. எனக்குத்தான் இடம் விட்டிருக்கேன்னு நெனச்சுட்டேன்" என்றார். அன்று காலையில் பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் நான் பட்ட வெட்கத்தை இன்றைக்கு என்னால் ஓரளவு சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. வாசலில் நின்று பட்டதைச் சொல்லும்போது சிரிப்பு வரவில்லை.

அப்பாவிடம் அம்மாதான் பேசினார். கடைசி பஸ் என்றதும் அப்பா வாயைத் திறந்தார். அம்மா விடவில்லை. "நான் கூடப் போய் உக்காந்திருக்கேன். முடிச்சதும் கூட்டிட்டு வர்றேன்."

"சோறு?"

"ஆக்கி வச்சுட்டுப் போறேன். போட்டுத் திங்கத் தெரியாதா?"

மறுநாள் மதியம் அம்மா தனியாகப் பஸ் ஏறி வந்தார். அந்தப் பக்கம் அவர் அதற்கு முன்னால் வந்ததே இல்லை. நானா குன்றடியில் இறக்கி, மேலே கையைக் காட்டி அனுப்பியிருக்கிறார். கல்யாணங்களுக்குக் கட்டும் பச்சைப் புடவை கட்டியிருந்தார். வரைகூடத்துக்கு வெளியே, நடைபாதைப் படியில் உட்கார்ந்தார். ஜன்னல் வழியே எனக்கு அவருடைய முதுகும் கொண்டையும் தெரிந்தன. விடுதிப் பையன்கள் அவரைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். ஒவ்வொருவன் வரும்போதும் அம்மா முழங்காலை ஒடுக்கி வழி விட்டார். பொரியலா பெரட்டலா என்று கேட்டவன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டி வந்தான். அந்த முதல் சாயந்தரம் நான் எழுந்து வெளியே போகவில்லை. ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. வட்டங்கள் போட்டுக்கொண்டிருந்தேன். யாரும் பார்க்காத நேரத்தில் போய்க் கேட்கலாம் என்று பார்த்தேன். யாரும் பார்க்காத நேரம் என்று ஒன்று வரவில்லை.

இரண்டாம் நாள் போனேன். அம்மா இரண்டு கைகளையும் தலைப்புக்குள் சுருட்டி மறைத்து வைத்துக்கொண்டிருந்தார். குளிரா என்று கேட்டேன். "இல்ல, சும்மாதான். நீ போ, மை காஞ்சிடும்" என்றார்.

விளக்கு அணைக்கும் நேரத்துக்குச் சற்று முன் முடித்தேன். ஆசிரியர் ஊசிகளை எடுத்துத் தாளை விளக்கடியில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். மதிப்பெண் போட்டார். மூலையில் ஒன்றும் எழுதவில்லை. தேறிவிட்டாய் என்றும் சொல்லவில்லை, எண்ணே சொல்லிவிட்டது. பிறகு தாளோடு வாசலுக்கு வந்து, அம்மா பார்க்கட்டும் என்று நீட்டினார்.

அம்மா சட்டென்று எழுந்து ஒரு படி கீழே இறங்கினார். கைகள் இப்போது முதுகுக்குப் பின்னால் இருந்தன. மலாயில், "தாஙான் கோத்தோர், துவான்" என்றார். கை அழுக்கு, ஐயா.

ஆசிரியருக்கு அது பணிவாகப் பட்டிருக்கலாம். சிரித்துத் தலையசைத்துவிட்டுத் தாளை உள்ளே கொண்டுபோனார். அந்தச் சொல் அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆசிரியர் அதை எழுதினார். நான் அதை மொழிபெயர்த்துக் கொடுத்தேன்.

கடைசி பஸ்ஸில் ஆட்கள் அதிகம் இல்லை. நானா அம்மாவைப் பார்த்து, "என்னங்கம்மா, கோலாலம்பூருக்கு டிக்கெட் போட்டுடவா?" என்றார். அம்மா சிரித்தார். அந்த இரண்டு நாளில் அவர் சிரித்தது அதுதான். ஜன்னலோரம் உட்கார்ந்து, கைகளை மறுபடி தலைப்புக்குள் வைத்துக்கொண்டார். பலகை வெறுமையாக என் மடியில் நின்றது. தாள் இருந்த இடத்தைச் சுற்றி, மரத்தில் எண்ணெய் வட்டங்கள், வெற்றிலைக் கறை, ஒரு மூலையில் சந்தனம் எல்லாம் தெரிந்தன.

"இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கம்மா" என்றேன்.

"நான் எதுக்கு? நீயே வச்சுக்க."

"கை வலிக்குது."

கை வலிக்கவில்லை. பலகையை அவர் மடிப்பக்கம் சாய்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். விழாமல் இருக்க அம்மா பிடித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. ஆனாலும் பிடிப்பதற்கு முன்னால், முழங்காலால் அதைத் தாங்கிக்கொண்டு, கைகளை வெளியே எடுத்து, முதலில் உள்ளங்கைகளையும் பிறகு புறங்கைகளையும் பச்சைப் புடவையில் அழுத்தித் துடைத்தார். துடைத்துவிட்டு, விளிம்பை மட்டும் விரல் நுனிகளால் பிடித்துக்கொண்டார். காஜா பேராங் வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு வந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். இருட்டில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.